வழிமாமாவுக்குப் பசி

பேங்க்காரர்களைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். அனுப்பும்போது ஒரு கட்டணம். இந்த ஊர்க் காசை அந்த ஊர்க் காசாக மாற்றும்போது ரேட்டில் ஒரு கழிவு. வழியில் ஒரு கழிவு. போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு கழிவு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். நக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இவர்கள் முழங்கை வரைக்கும் நக்குகிறவர்கள். ஆனாலும் ரேட்டக்காவின் கதையைப் பேங்கை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

பெரிய ஹோட்டல் ஒன்றில், தரைக்குக் கீழே இருந்த சலவைக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். இரண்டு பேரும் பிழைக்க வந்தவர்கள். ஒரே அறை, அவளுக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில். ஹோட்டல் அறைகளில் உருவிய விரிப்புகளும் துண்டுகளும் சுவருக்குள் இருக்கும் அகலமான குழாய் வழியாகத் தொப்பென்று எங்கள் முன்னால் வந்து விழும். துவைத்துப் பிழிந்து சூடான உருளைக்குள் விட்டால், அந்தப் பக்கம் விரிப்பு இஸ்திரி போட்டபடி வெளியே வரும். அங்கே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பிடித்து, உதறி, மடித்து, எதிரே நடந்து வந்து முனையைக் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். நாள் முழுக்க ஒரே முகம்தான் எதிரே வந்துகொண்டிருக்கும். அதனால் ஜோடி பொருந்த வேண்டும். என் வாய்க்குப் பயந்து என்னோடு யாரும் நிற்க மாட்டார்கள். எனக்கு அங்கே மிளகாய் என்று பெயர். அக்கா ஒருத்திதான், "வா மிளகா, வந்து பிடி" என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ரேட்டக்கா என்று பெயர் வைத்தது நான். விருந்தாளிகள் படித்துப் போட்ட செய்தித்தாள் சில சமயம் விரிப்போடு சுருண்டு குழாயில் வந்துவிடும். அவள் அதைப் பிரித்து, உலகத்தில் நடந்த மற்ற சங்கதியை எல்லாம் தள்ளிவிட்டு, எந்த நாட்டுக் காசு என்ன விலை என்று போட்டிருக்கும் மூலையை மட்டும் கிழித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொள்வாள். டீ நேரத்தில் அறிவிப்பு வரும்.

"இன்னிக்கு யாரும் அனுப்பாதீங்கடி. இறங்கிப்போச்சு. வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க."

அவள் ஒன்றும் பெரிய ஜோசியக்காரி இல்லை. பாதிக்குப் பாதி தப்பும். "ஏறும்னு சொன்னியே, இன்னும் இறங்கிடுச்சே" என்று சண்டைக்குப் போனால், "நானா ஏத்தறேன், நானா இறக்கறேன்? என் கையில இருக்கறது பெட்ஷீட்டுடி" என்பாள். இருந்தாலும் அவளைக் கேட்காமல் யாரும் பேங்க் பக்கம் போனதில்லை.

ஊரில் அவளுக்கு ஒரே மகள். குட்டி என்றுதான் சொல்வாள். புருஷன் போய்விட்டான் என்று சொன்னபோது, "செத்துட்டாரா அக்கா?" என்று நான் கேட்டேன். "அந்தப் புண்ணியத்தை எல்லாம் அந்த ஆளு செய்யலை. வேற வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள். குட்டிக்குப் பால்பல் விழத் தொடங்கிய வயதில், தன் அக்காளிடம் அவளை விட்டுவிட்டு இங்கே வந்தவள். அன்றிலிருந்து மாதச் சம்பளம் வந்ததும் பேங்க்குக்குப் போவாள், வரிசையில் நிற்பாள், அனுப்புவாள்.

முதன்முதலாக அனுப்பியபோது நடந்ததை அவளே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிக்கிற விஷயம் இல்லை அது. அந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு பேச ரொம்பச் செலவாகும். பணம் வந்ததும் பெரியம்மா போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும், இவள் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவாள். அன்றைக்குக் குட்டிதான் எடுத்தது. எடுத்ததும் அழுகை.

"அம்மா, நீ சொன்ன அளவு வரலையாம். நீ கம்மியா அனுப்பிட்டு ஜாஸ்தின்னு சொல்றேன்னு பெரியம்மா சொல்றாங்க. நீ பொய் சொன்னியாம்மா?"

 மறுநாளே அக்கா பேங்க் கவுண்டரில் போய்ச் சண்டை போட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிதானமாகச் சொன்னார். "நம்ம பேங்க்குக்கும் அவங்க பேங்க்குக்கும் நேரடிக் கணக்கு கிடையாதும்மா. நடுவுல ஒரு பேங்க் இருக்கு. சில சமயம் ரெண்டு. காசு அவங்க வழியாத்தான் போகும். அவங்க கொஞ்சம் எடுத்துப்பாங்க. எவ்வளவுன்னு எங்களுக்கே தெரியாது." கேட்டீர்களா நியாயத்தை? கடைக்காரன் பழத்தை எடை போட்டுக் கொடுத்து, வாசலில் ஒருத்தன் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வான், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றால் சும்மா விடுவோமா?

இதைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவள் ஒரு மாமாவை உண்டாக்கினாள்.

"நம்ம காசு வர்ற வழியில ஒரு மாமா இருக்காருடி குட்டி. அவரு வீட்டைத் தாண்டித்தான் வரணும். வழிமாமா. பசி வந்தா ஒரு கடி கடிச்சுட்டுத்தான் விடுவாரு."

"குண்டா இருப்பாரா?"

"இவ்வளவு தின்னா குண்டாத்தானே இருப்பாரு?"

"அவருக்குச் சோறு போட அம்மா இல்லையா?"

"அவங்கம்மாவும் வெளியூர்ல வேலை பாக்கறாங்க போல."

குட்டி அதை யோசித்துப் பார்த்தாளாம். அப்புறம், "அப்ப சரி, கடிச்சுக்கட்டும்" என்றாளாம்.

அதன் பிறகு அது விளையாட்டாகிவிட்டது. அனுப்பிய தொகையையும் அன்றைய ரேட்டையும் அக்கா முதலில் சொல்லிவிடுவாள். எவ்வளவு வந்து சேர வேண்டும் என்று குட்டி கணக்குப் போட்டு வைப்பாள். வழிமாமா இந்தத் தடவை எவ்வளவு கடிப்பார் என்று ஆளுக்கு ஒன்று ஊகம் சொல்ல வேண்டும். பணம் வந்ததும் போன் வரும். யாருடைய ஊகம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். ஜெயித்தவர் ஒரு கேள்வி கேட்கலாம். தோற்றவர் பொய் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது குட்டி நான்கைந்து வகுப்பு தாண்டியிருந்தாள். அவர்கள் பேசுவதை மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பேன். அக்கா ஜெயித்தால், "பெரியம்மா அடிச்சாங்களா?" என்பாள். அல்லது, "ராத்திரி பயமா இருக்கா?" என்பாள். குட்டி ஜெயித்தால் ஒரே கேள்விதான். "நீ எப்ப வருவே?" சட்டப்படி பொய் சொல்லக் கூடாது. "தெரியலைடி" என்பாள் அக்கா. பேச்சு முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நானும் தூங்கிவிட்ட மாதிரி இருப்பேன். ஆனால் அந்தக் கடியிலிருந்து ஆரம்பித்துப் பள்ளிக்கூடம், தோழி, காய்ச்சல், தைக்கக் கொடுத்த சட்டை என்று பேச்சு எங்கெங்கோ போகும். மாதம் ஒரு தடவை என்றாலும் அது பேச்சு. நான் அனுப்பும் பணத்துக்கு என் தம்பி "ஓகே" என்று இரண்டு எழுத்து போடுவான், அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

குட்டி வளர்ந்தாள். பேச்சு கொஞ்சம் குறைந்தது, அது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மாதம் பிறந்தால் அந்தப் போன் மட்டும் தவறாது. வழிமாமா கடித்ததைச் சொல்லியாக வேண்டுமே! கல்லூரியில் காமர்ஸ் எடுத்துப் படித்தாள். கடைசி வருஷத்தில் ஒரு நாள் போன் வந்தது. குரலில் அவ்வளவு உற்சாகம்.

"அம்மா, வழிமாமா கதை முடிஞ்சுது! ஒரு ஆப் இருக்கு. நடுவுல யாரும் கிடையாது. கட்டணம் எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிடும், ரேட்டும் பேங்க்கைவிட நல்ல ரேட்டு. என்ன காட்டுதோ அதுதான் இங்க வரும். நான் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன்மா. இத்தனை வருஷம் அந்த ஆளு தின்னதுல எனக்கு ஒரு வருஷ காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கலாம்."

"அவ்வளவா தின்னான் படுபாவி!" என்று அக்கா சிரித்தாள். அப்புறம், "பாவம்டி, இனி சாப்பாட்டுக்கு எங்க போவான்?" என்றாள். குட்டி, "போம்மா" என்று சிரித்துவிட்டு, எதை அழுத்த வேண்டும், எங்கே பெயர் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். பேங்க்காரன் வாயில் மண் விழுந்தது என்று அன்றைக்கு அறையில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நல்லதுதான் நடந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். உழைத்த காசு உழைத்தபடி போய்ச் சேர்ந்தது. சம்பளம் வந்ததும் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே அழுத்துவாள், டீ ஆறுவதற்குள் இரண்டு பக்கமும் செய்தி வந்துவிடும். முழுத் தொகையும் சேர்ந்தது என்று. குட்டி ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் கட்டைவிரலும் நின்றுபோயிற்று. செய்திதான் தானாக வந்துவிடுகிறதே, அப்புறம் விரல் எதற்கு?

அக்கா கூப்பிட்டுப் பார்ப்பாள். பேசுவதற்குக் காசு கேட்ட காலம் போய், எவ்வளவு பேசினாலும் இலவசம் என்ற காலம் வந்திருந்தது.

"சாப்டியாடி?"

"ம்."

"காசு வந்துச்சா?"

"அதான் உனக்கே மெசேஜ் வந்திருக்குமேம்மா."

"ஆமா, வந்துச்சு."

"சரிம்மா, வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வராது. அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருப்பாள். சலவைக் கூடத்திலும் அவளை இப்போது யாரும் ரேட் கேட்பதில்லை. ஆளாளுக்குப் போனில் தெரிகிறது. அவள் மட்டும் பழக்கதோஷத்தில் செய்தித்தாள் மூலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். டீ நேரத்தில், "இன்னிக்கு ஏறியிருக்கு" என்று ஆரம்பித்து, யாரும் நிமிர்ந்து பார்க்காததைக் கண்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ நம்பரைக் குடு. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கறேன். வாங்கித் தின்னத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியலையா?"

"அவ மேல தப்பில்லை மிளகா. முன்னாடி காசு குறையும், குறைஞ்சதைச் சொல்லப் பேசணும். இப்ப ஒண்ணும் குறையலை. அவ எதைச் சொல்லிப் பேசுவா? சின்ன வயசுல பிரிஞ்ச பிள்ளை. எங்களுக்கு வேற பேச்சு பழகலைடி."

அடுத்த சம்பளத்தன்று செருப்பு வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். நான் வேறு வேலையாகக் கடைத்தெருப் பக்கம் போனவள், பேங்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், கவுண்டர் வரிசையில் நிற்கிறாள்! உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா அக்கா? ஆப்ல ஒரு விரல் அழுத்தறதை விட்டுட்டு, இந்தத் திருட்டுப் பசங்ககிட்ட வந்து நிக்கறே?"

"கத்தாதடி, எல்லாரும் பாக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கடிக்கட்டும் விடு. ஒரு தடவை" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்திலேயே வரிசையில் நின்றேன்.

போன் வந்தது. பணம் போய்ச் சேர்ந்த கையோடு கூப்பிட்ட குட்டி எடுத்த எடுப்பிலேயே கொதித்தாள். எவ்வளவு நஷ்டம் தெரியுமா, ஒரு தடவை சொன்னால் புரியாதா, நான் எதற்குப் படித்தேன் என்று பொரிந்து தள்ளினாள்.  அக்கா போனை எனக்கும் கேட்கட்டும் என்று நடுவில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். பாராட்டு விழாவில்கூட யாரும் அப்படி முகம் மலர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குட்டி மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"இந்தத் தடவை எவ்வளவுடி கடிச்சாரு?"

 ஐயோ, சொல்லித் தொலையேன் பெண்ணே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இது விளையாட்டு இல்லைம்மா" என்றாள் குட்டி. "எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வெளியூர்ல. நேர்ல சொன்ன மாதிரி இருக்கட்டும்னு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே நீ எனக்கு அனுப்பவே வேண்டாம். உன் காசை உன்கிட்டயே வச்சுக்கோ. யாரும் கடிக்க மாட்டாங்க."

மகளுக்கு வேலை கிடைத்தது என்று அக்கா எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தாள். இனி அனுப்ப வேண்டாமாம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் தர வேண்டிய தொகையை ஹோட்டல்காரன் தர மாட்டான், அதனால் ஊருக்கும் போக முடியாது. சம்பளம் வரும், கணக்கில் கிடக்கும். அனுப்ப ஆள் இல்லாத பணத்தை வைத்துக்கொண்டு அவள் நிஜமாகவே ஒரு நாள் செருப்பு வாங்கிக்கொண்டாள். அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த நாட்களில் விரிப்பை மடிக்கும்போது எதிரே வருவாள், முனையைக் கொடுப்பாள், போவாள். என் வம்புக்கெல்லாம் சிரிப்பு இல்லை. குழாயில் செய்தித்தாள் வந்தால் அப்படியே குப்பைக் கூடைக்குள் போட்டாள். நாங்கள் ஒரே அறையில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துவிடும், அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தாள்.

ஒரு நாள் விடுமுறையில், "வர்றியா மிளகா, பேங்க் வரைக்கும்?" என்றாள். நானும் கிளம்பினேன்.

கவுண்டரில் புதிதாக ஒரு இளைஞர் இருந்தார். அக்கா சொன்ன தொகையைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு டீயும் பன்னும் சாப்பிடுகிற காசுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

"அம்மா, இதுக்கு நீங்க இங்க கட்டற கட்டணமே இதைவிட ஜாஸ்தி. வழியில வேற பிடிப்பாங்க. போய்ச் சேரும்போது ஒண்ணுமே மிஞ்சாது."

"தெரியும் தம்பி. அனுப்புங்க."

அவர் நல்ல பிள்ளை. என்னைப் போல் கத்தவில்லை. "வழிச் செலவையும் நீங்களே ஏத்துக்கறதா டிக் பண்ணிடட்டுமா? அப்படின்னா இந்தத் தொகை குறையாம போகும்" என்றார்.

"ஐயையோ, வேண்டாம் தம்பி. வழியிலயே எடுத்துக்கட்டும்" என்றாள் அக்கா. அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது கூடத்துச் சட்டம். மீறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அக்கா மறுநாளிலிருந்து போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். முன்பு செய்தித்தாள் மூலை இருந்த பை. முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்று நாளில் எப்படியும் சேர்ந்துவிடும். மூன்றாம் நாளும் போயிற்று. "அவ பாத்திருக்க மாட்டாடி. இவ்வளவு சின்னக் காசு கண்ணுலயே பட்டிருக்காது" என்றாள். அப்போது நான் மிளகாயாக இருந்து என்ன பயன்? 

அதற்கு அடுத்த நாள், விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி என் எதிரே அவள் வந்துகொண்டிருந்தபோது பை அதிர்ந்தது. கையில் விரிப்பு. தோளால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு போனை எடுத்தாள். உருளைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

குட்டி திட்டவில்லை.  மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அம்மா, சில்லறை மட்டும் வந்திருக்கு. வழிமாமாவுக்கு ஏம்மா இப்படி ஒரு பசி?"

அக்கா வாயிலிருந்த முனையை விட்டாள். "ரொம்ப நாளா பட்டினிடி" என்றாள்.

"நீ எவ்வளவு கடிப்பாருன்னு நெனச்சே?"

"அநேகமா மொத்தமும்னு நெனச்சேன்."

"நான் இந்தத் தடவை ஊகமே சொல்லலை. அப்ப நீதான் ஜெயிச்சே. கேளும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

எனக்கு என்னென்ன கேள்வி தோன்றியது தெரியுமா? ஏன் கூப்பிடலை, எப்பக் கூப்பிடுவே, அம்மா ஞாபகம் இருக்கா இல்லையா என்று. கேளு அக்கா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளு என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சாப்டியாடி?"

வழக்கமான "ம்" வரவில்லை. உருளை சுற்றிக்கொண்டிருந்தது, மடிக்க ஆளில்லாமல் விரிப்புகள் வந்து வந்து குவிந்தன. சூப்பர்வைசரம்மா தூரத்திலிருந்து எங்கள் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"இல்லைம்மா" என்றாள் குட்டி. "இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்தே ஒழுங்கா சாப்பிடலை. ரூம்ல தனியா உக்காந்து சாப்பிட முடியலைம்மா. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலை."

அக்கா விரிப்புக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவள் கையிலிருந்த முனையையும் வாங்கிக்கொண்டேன். வருகிறவளைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன், என் வாய் வேறு எதற்கு?

"நீ பேசு அக்கா" என்றேன்.